பாயிண்டா, சிடிஐயா?

போச்சம்பள்ளியில் இருந்துகொண்டு பெட்ரோல் வண்டிக்குத் தீப்பொறி தேடி அலைவது கொஞ்சம் கூச்சமான வேலை. ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை ஐநூறு ஏக்கரில் இங்கேதான் பரந்து கிடக்கிறது. நான் யெஸ்டி ரோட்கிங்கின் வலதுபக்க மூடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு திண்ணையடியில் குந்தியிருந்தேன். மின் வண்டியில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணா பண்றீங்க?"

"தீப்பொறி வரமாட்டேங்குதும்மா."

"எங்க வண்டியில தீப்பொறி வந்தா நாங்க ஓடிடுவோம்ண்ணா!"

யெஸ்டிக்கும் நமக்கும் எல்லையோர உறவு. மைசூரில் 1961இல் ஜாவாவாகப் பிறந்து, பிறகு யெஸ்டியாகி, 1996இல் ஆலைக்குப் பூட்டு விழும்வரை ஓடிய குலம். ஒரே சிலிண்டர், ஆனால் சைலென்சர் இரண்டு. உதைக்கிற மட்டையே கியர் மட்டையும். இவ்வளவு சிக்கனமும் ஊதாரித்தனமும் ஒன்றாகக் குடியிருக்கும் வண்டியை நான் வேறு பார்த்ததில்லை.

இதன் தீப்பொறி, சார்லஸ் கெட்டரிங் நூறாண்டுக்கும் முன்னே காருக்கென்று வகுத்த வழியில் வருவது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி கரண்ட் காயிலுக்குள் ஓடும். கேம் வந்து பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் அறுந்து, காயிலின் காந்தப்புலம் சரிய, ஆறு வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாகிப் பிளக்கில் பாயும். திறக்கிற இடத்திலேயே பொறி பறந்து பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டென்சர். கேம் மேல் உரசும் குதி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும். அவ்வப்போது பாயிண்டைத் துடைக்கத் தடித்த அட்டையும் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில் பாதிக்கு ஓரம் இருக்காது.

மாற்றிவிடலாம் என்றதும் ஆளுக்கொரு யோசனை. ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் பையன்களுக்கு என்மேல் இரக்கம். 1985இல் வந்த அவர்கள் வண்டிக்குப் பிறவியிலேயே சிடிஐ, அதாவது பாயிண்டே இல்லாத எலெக்ட்ரானிக் தீப்பொறி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஐரோப்பாவிலிருந்து முழு செட்டே வரவழைக்கலாம் என்றான். புது மேக்னெட்டோ, பன்னிரண்டு வோல்ட், பேட்டரி படுத்தாலும் தீப்பொறி படுக்காது, விளக்கு பளிச்சென்று எரியும். எல்லாம் சரிதான், விலையையும் சொன்னான். அந்தக் காசோடு நம்ம ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பலாம். அதை நாம் உதைக்கவும் வேண்டாம், அதுவே உதைக்கும்.

மெக்கானிக் பாயிண்ட் கட்சி. "பாயிண்ட் கெட்டா சொல்லிட்டுக் கெடும்ண்ணா. இருமும், திணறும், நாலு நாள் டைம் குடுக்கும். சிடிஐ போனா போனதுதான். டப்பாவைத் திறந்தா உள்ள தார் மாதிரி ஊத்தி வெச்சிருப்பான், என்னத்தப் பாக்கறது?" சத்தியமான பேச்சு. பாயிண்ட் இருந்தால் நான் அடிக்கடி அவர் கடைக்கு வருவேன் என்பதும் சத்தியம்தான்.

கடைசியில் நான் எடுத்தது நடுவழி. பாயிண்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். காயில் கரண்டைத் தாங்குவது மட்டும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியின் பொறுப்பு. பாயிண்டுக்கு இனி சைகை காட்டுகிற வேலைதான், கருகாது. குதி தேய்வது நிற்காது, அதற்குக் கிரீஸ்தான் மருந்து. இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருந்த கண்டென்சரைக் கழற்றி, டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் காற்றாட மாட்டினேன். பெட்டி செத்தால் சாலையோரத்திலேயே வயரை மாற்றிக் குத்தி, பழைய வழியிலேயே வீடு வந்து சேரலாம்.

இரண்டு கட்சிக்கும் கோபம். "இதுக்குப் பாயிண்டையே வெச்சிருக்கலாமேப்பா" என்றான் மகன். "வெச்சுத்தானே இருக்காரு!" என்றார் மெக்கானிக். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. பழக்க தோஷத்தில் மறு உதைக்குத் தூக்கிய கால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.