கொஞ்சம் மோந்து பாரு மாப்ள!

பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோல் கிழிக்கிற சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் உள்ளே போய்விடுகிறார். குழாயடியில் நின்ற அக்கா குடம் நிறையுமுன்பே இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். மாமாவுக்குப் பார்சல் வந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அரை நிமிஷத்தில் ஒரு சட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி வாசலுக்கு வருவார். முதலில் கண்ணில் படுகிறவரின் மூக்குக்கு நேரே அதை நீட்டுவார்.

"கொஞ்சம் மோந்து பாரு மாப்ள!"

நான் யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. ஆன்லைனில் துணி வாங்கிவிட்டு ஊரை மோந்து பார்க்கச் சொல்லும் மனிதர் உங்கள் தெருவிலும் இருப்பார். எங்களுடையவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் தென்னந்தோப்பு உள்ளவர், வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காய் ஏலத்துக்குத் தவறாமல் போகிறவர் என்பதெல்லாம் தற்செயல். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் ஆர்டர் போடுவார், அப்போதுதான் விலை குறையும் என்பது அவர் கட்சி. டெலிவரி தம்பியை வெயிலில் நிறுத்தி வைத்துச் சில்லறை எண்ணுவார். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மோந்து பார்க்கச் சொல்வதுதான் முடியவில்லை.

அதற்கு முறை வேறு இருக்கிறது. காலரில் மோந்தால் கணக்கில் சேராது. அக்குள் தையலில் தொடங்கி, கீழ் மடிப்புக்கு வந்து, சட்டைப்பையின் உட்புறத்தில் முடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற மூச்சை முழுதாக விட்டுவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். வெற்றிலை போட்டவர், விபூதி பூசியவர், அப்போதுதான் காபி குடித்தவர் எல்லோரும் தகுதி இழந்தவர்கள். இழுத்து முடித்ததும், "என்ன வாடை?" என்று கேட்பார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

"ஒன்னும் தெரியலையே மாமா" என்றால், "ஒனக்குத்தான் கொரோனா வந்துச்சுல்ல? மூக்கு செத்துப்போச்சு. அப்பயே டாக்டர்ட்ட காட்டிருக்கணும்" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிடுவார். "லேசா அடிக்குது" என்றால், "லேசாவா? நல்லா இழுத்துப் பாரு. கப்புனு அடிக்குது, லேசாங்குற!" என்று சட்டை திரும்பவும் மூக்கை மூடும். சரி, தொலையட்டும் என்று "தாங்க முடியல மாமா, கொடுமை" என்று சொல்லிவிட்டாலோ, அன்றிலிருந்து நீங்கள் சாட்சி. கம்பெனிக்காரனிடம் போனில் பேசும்போது, "பக்கத்து வீட்டுல படிச்ச ஆளு சொல்றாரு சார், இருங்க குடுக்குறேன்" என்று போன் உங்கள் காதுக்கு வந்துவிடும். ஹைதராபாத்திலோ குர்கானிலோ உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பிள்ளையிடம், முன்பின் பார்க்காத ஒரு சட்டையின் நாற்றத்தை நீங்கள் உறுதி செய்து வாக்குமூலம் தர வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு அருகே பூக்கட்டும் அக்காவிடமும் நீட்டியிருக்கிறார். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிக்குள்ளேயே காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிற மனுஷி, "நல்லாத்தானண்ணே இருக்கு" என்றார். ஒரே மணத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொள்ளும் என்பது அறிவியல். மாமாவுக்கு அது தேவைப்படவில்லை. "பூக்காரம்மா மூக்கு செல்லாது" என்று தீர்ப்பளித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். சோழவந்தான் வெற்றிலையும் போயிலையும் விற்கும் கடைக்காரரின் மூக்கும் அதே வேகத்தில் தள்ளுபடியானது. கேதம் கேட்கப் போன வீட்டில்கூட விடவில்லை. பெரியவரைக் கிடத்தியிருக்கிறார்கள், மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சட்டைதான் மாப்ள நான் சொன்னது. தோள்பட்டைக்கிட்ட மோந்து பாரு."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சொல்வது பொய்யில்லை.

அத்தைக்குப் பிறந்தநாளென்று ஒரு சேலை வரவழைத்தார். படத்துக்குக் கீழே சின்னாளப்பட்டி சுங்குடி என்று போட்டிருந்தது. சின்னாளப்பட்டி எங்கே இருக்கிறது? திண்டுக்கல் போகிற வழியில். வாடிப்பட்டியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அந்தச் சேலை சூரத்திலிருந்து புறப்பட்டு, ஏழெட்டு கிடங்குகளில் படுத்தெழுந்து வந்து சேர்ந்தது. பிரித்தால் மண்ணெண்ணெய் நெடி. அத்தை சேலையைத் தொட்டுப் பார்க்கவில்லை, "அடுப்புக்கிட்ட கொண்டு வந்துராதீக" என்று மட்டும் சொன்னார்.

மண்ணெண்ணெய் எங்கிருந்து வருகிறதென்றால், துணியில் பிக்மென்ட் அச்சடிக்கும்போது நிறப்பொடியைப் பசையாகக் குழைக்க மண்ணெண்ணெயையோ டர்பன்டைன் வகை எண்ணெயையோ தண்ணீரோடு கலந்து கடைந்து சேர்க்கும் வழக்கம் உண்டு. அச்சடித்த துணியை 150 டிகிரி சூட்டில் சில நிமிஷம் வேகவைத்தால் நிறம் பிடிக்கும், எண்ணெயும் ஆவியாகிப் போய்விடும். அவசரக்காரன் சூட்டையும் குறைப்பான், நேரத்தையும் குறைப்பான். போகாத எண்ணெய் பாலிதீன் உறைக்குள் உங்கள் வீட்டுக்கு வரும். உண்மையான சுங்குடியில் அச்சே கிடையாது. துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மதுரை சுங்குடிக்கும் 2005லிருந்து புவிசார் குறியீடு உண்டு. அந்தப் புள்ளியை இயந்திரத்தில் அச்சடித்துப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது?

"சுருக்கமே விழாது" என்று விற்ற பேன்ட்டில் மீன் கவிச்சி அடித்தது. அதற்கும் காரணம் இருக்கிறது. சுருக்கம் விழாமலிருக்க ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினைத் துணியில் ஏற்றுவார்கள். பதம் தப்பினால் அமீன் என்ற வகைச் சேர்மங்கள் உண்டாகும், மீன் அழுகும்போது வருகிற அதே சரக்கு. ஃபார்மால்டிஹைடு அதிகம் இருந்தால் கண் எரியும், தோல் அரிக்கும். ஜப்பானில் பச்சைக் குழந்தைகளின் துணியில் அது இருக்கவே கூடாது என்கிற அளவுக்கு 1973லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் வருகிற பருத்திச் சட்டையில் பூஞ்சை வாடை. பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் நூற்றுக்கு எட்டரை பங்கு ஈரத்தைச் சாதாரணமாகவே வாங்கி வைத்திருக்கும். அதைக் காற்றுப் புகாத உறையில் அடைத்துக் கிடங்கில் மாதக்கணக்கில் போட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டந்தான்.

இந்த விவரம் எல்லாம் மாமாவுக்கும் தெரியும். யூடியூபில் பார்த்திருக்கிறார். அலசிக் காயப்போட்டால் பாதி போய்விடும் என்பதும் தெரியும். ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரையக்கூடியது. பூஞ்சை வாடைக்குக் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்து, நல்ல வெயிலில் போட்டால் போதும். வாடிப்பட்டியில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் மாமா துவைக்கமாட்டார்.

"துவைச்சா ரிட்டன் எடுக்கமாட்டான் மாப்ள. வாடை இருந்தாத்தான கேஸு நிக்கும்?"

ஆகவே தடயம் அழியாமல் பாதுகாக்கப்படுகிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரையொட்டிக் கொடி கட்டி, விலைச்சீட்டு ஆட ஆட அந்தச் சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். சாயங்காலம் சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்தால் எங்கள் வீட்டுச் சாம்பாரில் சூரத் வாடை அடிக்கிறது.

திருப்பி அனுப்புவதும் லேசில் நடப்பதில்லை. ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று செயலி கேட்கிறது. அளவு சரியில்லை, நிறம் மாறியிருக்கிறது, கிழிந்திருக்கிறது, வேறு பொருள் வந்துவிட்டது. நாறுகிறது என்று ஒரு கட்டம் அதில் இல்லை. வேறு காரணம் என்பதை அழுத்தினால், குறையைக் காட்டும் படம் அனுப்பு என்கிறது. நாற்றத்தை எப்படிப் படம் பிடிப்பது? மாமா அசரவில்லை. நாற்றத்தைத்தானே பிடிக்க முடியாது, நாற்றம் பிடித்தவன் முகத்தைப் பிடிக்கலாமே!

அன்றிலிருந்து மோந்து பார்ப்பதோடு நம் கடமை முடிவதில்லை. சட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்ட வேண்டும். "கண்ணச் சுருக்கு. இன்னுங் கொஞ்சம். வாந்தி வர்ற மாதிரி." நான் நின்றேன், மாடி வீட்டுக் கல்லூரிப் பையன் நின்றான், கியாஸ் சிலிண்டர் போட வந்தவரும் நின்றார். கடைசியில் அத்தையை நிற்கவைத்தார். எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மாமாவுக்கே திருப்தியில்லை. "எப்பவும் போலத்தான இருக்கு மூஞ்சி?" என்றார். "ஒங்களோட குடும்பம் நடத்துறேன்ல, பழகிப்போச்சு" என்று அத்தை உள்ளே போய்விட்டார். எங்கள் சுளித்த முகங்கள் எல்லாம் அந்தக் கம்பெனியின் கணினியில் இன்னமும் இருக்கும். "படத்தில் குறை தெளிவாகத் தெரியவில்லை" என்று பதில் வந்தது.

இத்தனை பாட்டுக்கு, பேசாமல் விளக்குத்தூண் பக்கம் போய்க் கடையில் எடுக்கலாமே என்றேன். பஸ் ஏறினால் மதுரை ஒரு மணி நேரம். தொட்டும் பார்க்கலாம், மோந்தும் பார்க்கலாம். "போனேன் மாப்ள. கடையில மோந்து பாத்தா ஒரு மாதிரி பாக்குறாக" என்றார். அந்தக் கடைப் பையன்கள் பாவம், எதிரே நின்ற வாடிக்கையாளரிடமெல்லாம் இவர் சட்டையை நீட்டியிருப்பார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். போன மாதம் நடந்ததை அப்படி எழுத வரவில்லை. உறவில் ஒரு காதுகுத்து. மாமா பளபளவென்று சந்தன நிறச் சட்டையில் வந்தார். பாலியஸ்டர். விலைச்சீட்டு காலருக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. கிடா விருந்தில் இரண்டு பந்திக்கு நின்று பரிமாறினார், வியர்வை முதுகில் வழிந்தது. மறுநாள் அதே சட்டை அதே உறைக்குள் மடித்து வைக்கப்பட்டு, "அளவு சரியில்லை" என்ற காரணத்தோடு திரும்பிப் போனது. பணமும் வந்துவிட்டது.

2014ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைச் சைக்கிள் பயிற்சியில் வியர்க்கவிட்டு அவர்களின் பனியன்களை ஆராய்ந்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில்தான் நாற்றம் அதிகம், நாற்றம் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் நன்றாக வளர்கிறது என்று கண்டார்கள். திரும்பிப் போகிற துணிகளில் பார்வைக்கு நன்றாக இருப்பவை மறுபடி விற்பனைக்குத்தான் வருகின்றன. பார்ப்பவர்கள் கறையைப் பார்ப்பார்கள், கிழிசலைப் பார்ப்பார்கள். மோந்து பார்க்க அங்கே மாமா இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் கத்தரிக்கோல் சத்தம். வந்தார், நீட்டினார். தேங்காயெண்ணெய், சென்ட், லேசாக மசாலா.

"எவனோ போட்டுக் கழட்டுனதத் தள்ளிவிட்டுருக்கான் மாப்ள! மனுசனா அவன்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் சுளித்தேன், படத்துக்காக. இந்த மனிதர் இருக்கிற வரைக்கும் கம்பெனிக்காரனைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. கம்பெனிக்காரன் இருக்கிற லட்சணத்தில் இவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. வேகாத சாயத்தை உறையில் போட்டு அனுப்புகிறவன் ஒருத்தன், போட்டுக் கழற்றியதை அனுப்புகிறவர் ஒருத்தர், நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பது நாங்கள்.

மாமாவுக்கு ஒரு வழியும் சொல்லிப் பார்த்தேன். 2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்கமாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எழுதிக்கூடக் கொடுத்தேன். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அவக எப்புடி மாப்ள போன்ல மோந்து பாப்பாக?" என்று கேட்டார்.

ஆடித் தள்ளுபடியில் அடுத்த ஆர்டர் போட்டாயிற்றாம். வாசகர்களில் தீராத சளியோ மூக்கடைப்போ உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் தெருவில், மாமா வீட்டுக்கு நேர் எதிரே, ஒரு வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிறது. நல்ல தண்ணீர் வசதி, பஸ் ஸ்டாண்டு பக்கம், அட்வான்ஸ் பேசிக்கொள்ளலாம்.