மஹய்யாவயிலிருந்து அளந்தால்

கண்டி நகரத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வழியில் மஹய்யாவ வருகிறது. சவக்காலை, மையவாடி, மாத்தளைக்குப் போகிற ரயில் பாதை, மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அடுத்தடுத்து. டவுன் பக்கம் திரும்பினால் திரித்துவக் கல்லூரி. எதிர்த்திசையில் இறங்கினால் புனித அந்தோனியார் கல்லூரி. இப்படி வாகாக உட்கார்ந்திருக்கிற ஊரில் கல்வி வாசலுக்கு வாசல் கொட்டிக் கிடக்க வேண்டும். ஏன் கிடக்கவில்லை என்று கேட்டால் அதிகாரி ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டுவார். சுற்றறிக்கைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆதியிலே வெள்ளைக்காரன் இருந்தான். அவனிடம் கொஞ்சம் பணமும் நிறையச் சந்தேகமும் இருந்தன. 1869இல் அவன் பொதுப் போதனைத் திணைக்களம் என்று ஒன்றை உண்டாக்கி, அது நல்லதென்று தானே கண்டான். மிஷனரிகள் பள்ளிக்கூடம் நடத்தலாம், அரசு மானியம் தரும். ஆனால் பாதிரியாரின் பேச்சை நம்பிக் காசு கொடுக்க முடியுமா? இதற்கு இங்கிலாந்திலேயே மருந்து தயாராக இருந்தது. ரொபர்ட் லோ என்ற அரசியல்வாதி 1862இல் அங்கே ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய தலைக்குக் காசு, தேறாத தலைக்குக் கிடையாது. அந்தச் சரக்கு கப்பலேறி இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இன்றைக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோமே, அந்தப் பரம்பரை அங்கேதான் ஆரம்பம். துரை குதிரையில் வருகிறார். வாசிப்புப் புத்தகம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் நிற்காமல் ஓடும். மந்தமானவனுக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி. கெட்டிக்காரன் ஒருவன் முன்வாசலால் ஒரு பெயரிலும் பின்வாசலால் இன்னொரு பெயரிலும் வந்து இரண்டு முறை தேறியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். துரைக்கு எல்லாக் கறுத்த முகமும் ஒரே முகம்தானே! வாத்தியாரின் அடுப்பு எரிவது பையனின் பெருக்கல் வாய்பாட்டில் தங்கியிருந்தால், பிரம்பு ஏன் அவ்வளவு வேலை செய்தது என்பதும் விளங்கும். இந்த நாட்டுப் பாடசாலையில் முதன்முதல் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டவர் வாத்தியார்தான்.

1880இல் இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, மஹய்யாவ வழியாக மாத்தளைக்குப் போகும் ரயில். மற்றது கேம்பிரிட்ஜ் பரீட்சை. ரயில் ஏலம், கொக்கோ, தேயிலை எல்லாவற்றையும் கீழே இறக்கிக் கொண்டுபோனது. பரீட்சை பிள்ளைகளின் மூளையை அதே மாதிரி இறக்குமதி ஏற்றுமதிக் கணக்கில் சேர்த்தது. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் திரும்பும், பெறுபேறு மாதக் கணக்கில் கழித்துக் கடல் கடந்து வரும். மகாவலி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாவிட்டால் ஒரு குறையும் இல்லை. தேம்ஸ் எங்கே போய் விழுகிறது என்று தெரியாவிட்டால் கிளார்க் வேலை இல்லை. எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிமார் என்பதைக் கண்டிப் பையன்கள் வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். கண்டியின் கடைசி ராஜாவின் தேவிமார் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த ராஜா தமிழில் பேசினார் என்பதும் வினாத்தாளுக்கு வெளியே கிடந்த விஷயம். இந்தக் கூத்தில் ஒரு விசித்திரம்: திரித்துவக் கல்லூரிக்கு 1904இல் அதிபராக வந்த ஏ. ஜி. பிரேசர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர்தான் பிள்ளைகள் தாய்மொழியையும் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நம்மவர் மொழியை நம்மவருக்குச் சிபாரிசு செய்யவும் ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தார்.

அடுத்ததாக வந்தது அளவு நாடா. பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் விழித்துக்கொண்டு சொந்தமாகப் பள்ளி தொடங்கிய காலம் அது. கேணல் ஒல்கொட் அமெரிக்காவிலிருந்து வந்து பௌத்தர்களை உசுப்பிவிட்டிருந்தார். கண்டியில் 1887இல் நாத தேவாலய வளவில் ஒரு பௌத்தப் பள்ளி முளைத்தது. அதுதான் பிறகு தர்மராஜக் கல்லூரி. திணைக்களம் பார்த்தது. 1890களின் தொடக்கத்தில் ஒரு விதி போட்டது: ஏற்கெனவே இருக்கிற பாடசாலையிலிருந்து கால் மைலுக்குள் புதிதாக ஒன்று தொடங்கினால் மானியம் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு நியாயம்! ஒரே தெருவில் இரண்டு பள்ளி எதற்கு? ஆனால் எழுபது வருடமாக ஊரின் நல்ல இடங்களிலெல்லாம் யார் பள்ளி கட்டி வைத்திருந்தார்கள் என்பதை நாடா அளக்கவில்லை. முன்னால் வந்தவன் பந்தியில் உட்கார்ந்து இலையைக் கால் மைலுக்கு விரித்துக்கொண்டான். ஒல்கொட் சத்தம் போட்டார். திணைக்களத்துக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இந்தக் கூச்சலை எல்லாம் பார்த்துவிட்டு மஹய்யாவ மண்ணில் படுத்திருப்பவர் ஒருவர் உண்டு: முகம்மது காசிம் சித்தி லெப்பை. கண்டியில் பிறந்த வழக்கறிஞர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை தொடங்கினார், 1885இல் ‘அசன்பேயுடைய கதை’ எழுதினார். மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று தகப்பன்மார் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலமும் படிக்கலாம், குர்ஆனும் ஓதலாம், பெண் பிள்ளையும் படிக்கலாம் என்று சொல்லித் திரிந்தார். அரசு கால் மைலை அளந்துகொண்டிருந்தது. அவர் வீட்டு வாசலுக்கும் வகுப்பறைக்கும் நடுவிலிருந்த தூரத்தை அளந்தார். 1898இல் காலமானார். நாடாக்காரர்கள் உயிரோடு இருந்தார்கள்.

கண்டியைச் சுற்றிய தேயிலைத் தோட்ட மலைகளில் நாடாவே தேவைப்படவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கத் தோட்டத் துரை கடமைப்பட்டவர். கடமை துரையுடையது, பிள்ளையின் நேரமும் துரையுடையது, கொழுந்தும் துரையுடையது. மூன்றுக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும்? லயத்துக் காம்பராவில் ஒரு வாத்தியார், ஒரு கரும்பலகை, பத்து வயதோடு படிப்பு முடிந்து பிரட்டுக்களத்தில் பெயர் பதிவு. அந்தப் பள்ளிகளை அரசு தன் கைக்கு எடுக்க 1970களின் பிற்பகுதிவரை பொறுமையாக இருந்தது. பொறுமையும் ஒரு நிருவாகத் திறமைதான்.

1945இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாடே படித்தது. நன்றிக்கடனாக 1947இல் மத்துகமையில் அவரைத் தோற்கடித்தது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்கி மத்திய கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்காகப் பிறந்ததுதான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. ஏழைக்கு ஏணி. ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் ஏறுபவன் ஏழையா என்ன? பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று டியூஷன், ஞாயிற்றுக்கிழமை செமினார், அம்மாவுக்கு ரத்த அழுத்தம். வேன் சாரதி மட்டும் நிம்மதியாக வீடு கட்டினார்.

1960இல் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். முன்பு கம்பளை ஸாஹிராவின் அதிபர், ஆகவே நம் பக்கத்து ஆள். உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்கும் என்று சட்டம் வந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பள்ளிக்குள் புகுந்து பாயைப் போட்டுப் படுத்துவிட்டார்கள். பெரிய பள்ளிகளுக்கு ஒரு விலக்கு இருந்தது: விரும்பினால் தனியாராகவே இருக்கலாம். ஆனால் அரசு காசு தராது. சரி, கட்டணம் வாங்கிப் பிழைத்துக்கொள்கிறோம் என்றால் கட்டணமும் வாங்கக்கூடாது! உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு பிராணி உண்டோ தெரியாது: கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலை. திரித்துவமும் அந்தோனியாரும் இந்தக் காய்ச்சலை அனுபவித்தவை. அந்தக் காலத்தில்தான் கானிவல், லொத்தர், ‘விருப்ப’ நன்கொடை, பழைய மாணவர் இராப்போசனம் முதலிய பாடங்கள் கல்வித் திட்டத்தில் சேர்ந்தன. நன்கொடை விருப்பத்தின் பேரில்தான். விருப்பம் எவ்வளவு என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அதே அமைச்சர் 1970இல் திரும்பி வந்தார். இந்தத் தடவை முழுப் பரீட்சையையும் பிரித்துப் பூட்டினார்கள். ஓ.எல். போய் என்.சி.ஜி.ஈ. வந்தது, ஏ.எல். போய் எச்.என்.சி.ஈ. வந்தது, பள்ளியில் சேரும் வயது ஆறானது. கையால் தொழில் பழக வேண்டும் என்று தொழில்முன் பாடம் வந்தது. நல்ல யோசனைதான், கறுப்புக் கோட்டுப் போடப் பிறந்த பிள்ளை மண்வெட்டியோடு வீட்டுக்கு வந்ததும் அப்பாக்களுக்குத்தான் நெஞ்சுவலி. 1977இல் ஆட்சி மாறியது, பழைய எழுத்துகள் திரும்பின. நடுவில் அகப்பட்ட தலைமுறை, தங்கள் சான்றிதழ் எதற்குச் சமம் என்று ஒவ்வொரு நேர்முகப் பரீட்சையிலும் பாடம் நடத்தித் திரிந்தது.

இந்தக் கதையில் சிரிப்பு வராத ஒரு பக்கம் உண்டு, அதை வேகமாகப் புரட்ட முடியாது. 1970இல் மருத்துவப் பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். பொறியியலுக்கு 227க்கு எதிரே 250. ஒரே பரீட்சை, ஒரே மண்டபம், இரண்டு நாடா. தரப்படுத்தல் என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1974இல் மாவட்டக் கோட்டா. யாழ்ப்பாணத்தில் அது என்ன விளைத்தது என்று ஊருக்கே தெரியும். மலையகத்தின் கதை வேறு: பின்தங்கிய மாவட்டத்துக்குக் கிடைத்த குறைந்த வெட்டுப்புள்ளியால் சில தோட்டத்துப் பிள்ளைகள் பேராதனைக்குள் நுழைந்தார்கள் என்பதும் உண்மை. உடனே வேறு மாவட்டத்துக் கெட்டிக்காரர்கள் நுவரெலியாவின் குளிர் உடம்புக்கு நல்லது என்று கண்டுபிடித்து, அங்கே வந்து ஏ.எல். எழுதத் தொடங்கினார்கள் என்பதும் உண்மை. இன்று 40 வீதம் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மேலே இஸட் புள்ளி. அதை விளக்கிச் சொல்லக்கூடியவர் கிடைத்தால் அவரையே நேராகப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம்.

இனி முதலாம் வகுப்புச் சுற்றறிக்கை. பல்லாண்டு ஓடிய கணக்கு இது: அரசுப் பள்ளியில் அருகில் வசிப்பவருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, அங்கே படிக்கிற அண்ணன் அக்காவின் தம்பி தங்கைகளுக்கு 15, கல்வித் துறை ஊழியருக்கு 5, இடமாற்றம் பெற்றவருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கு 1. கால் மைல் விதி போய் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாடா திரும்பிய அழகைப் பாருங்கள். அன்று பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவே அளந்தார்கள். இன்று வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அளக்கிறார்கள், காகம் பறக்கிற நேர்கோட்டில். நடுவில் இன்னொரு பள்ளி இருந்தால் புள்ளி வெட்டு. கண்டி போன்ற மலை ஊரில் காகம் ஒரு நிமிடத்தில் கடக்கிற இடத்தைப் பிள்ளை அரைமணி ஏறி இறங்க வேண்டும். ஆனால் காகம் முதலாம் வகுப்பில் சேர்வதில்லையே.

கிங்ஸ்வூட், மகாமாயா போன்ற பெரிய அரசுப் பள்ளிகளை நினைத்துக் கண்டிக்காரர் செய்த சாகசங்களை யாராவது காவியமாகப் பாட வேண்டும். பிள்ளை பிறக்குமுன்னே வாக்காளர் இடாப்பில் பெயர் இடம்பெயர்கிறது. மாமியார் வீட்டு உறுதி மருமகன் பெயருக்கு ‘அன்பின் நிமித்தம்’ மாறி, அனுமதி கிடைத்த மறுமாதம் அன்பு தீர்ந்து திரும்பிப் போகிறது. மின்சார பில், தண்ணீர் பில், கிராம சேவகரின் கடிதம், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே விலாசத்தில். குடித்தனம் மட்டும் வேறிடத்தில். பள்ளியிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால், அன்று காலை அந்த வீட்டில் நாலு பல்துலக்கியும் ஒரு பிள்ளைக் கட்டிலும் தோன்றும். குதிரையில் வந்த துரையை ஏமாற்றிய வாத்தியாரின் பேரன்மார்தானே நாம்!

இத்தனை பித்தலாட்டமும் தூரத்திலிருந்து கிட்டே வருவதற்கு. பிறந்ததிலிருந்து கிட்டேயே இருக்கிறவர்களின் கதி என்ன? மஹய்யாவ தொழிலாளர் குடியிருப்பைப் பாருங்கள். கண்டித் தெருக்களைத் துப்புரவாக்க வந்த தமிழ்க் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அதே இடம். காகம் சிறகை ஒருமுறை அடித்தால் போதும். ஆனால் வீடு மாநகர சபையுடையது. சொந்த உறுதி கேட்டால் எங்கே போவது? பாட்டன் பெரிய பள்ளியில் படிக்கவில்லை, ஆகவே அந்த 25இல் இடமில்லை; அண்ணன் அங்கே இல்லை, ஆகவே 15இலும் இல்லை. போதாக்குறைக்கு விண்ணப்பத்தில் ‘மஹய்யாவ’ என்ற விலாசத்தைக் கண்டதும் சில மேசைகளுக்குப் பின்னாலிருந்த முகங்கள் சுருங்கின. வேலை தேடும்போதும் பள்ளி தேடும்போதும் உறவினர் விலாசத்தைக் கொடுத்தவர்கள் இங்கே உண்டு. மற்ற எல்லாரும் கிட்டே இருப்பதாகப் பொய் சொன்னார்கள். இவர்கள் தூரத்தில் இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. எந்த நாடாவிலும் இந்த அளவைக்குக் கோடு போடவில்லை.

கடைசியாக 2024 செப்டம்பர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதினார்கள். முதல் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே உலாவியது தெரிய வந்தது. மறுபடி நடத்து, நடத்தாதே என்று பெற்றோர் இரண்டாகப் பிரிந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் ஏறியது. டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதன் பிறகு அந்த மூன்று கேள்விக்கும் எல்லாப் பிள்ளைக்கும் முழுப் புள்ளி. உறுதி இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும், மூன்று டியூஷன் போனவனுக்கும் ஒன்றுக்கும் போகாதவனுக்கும், கேள்வியை வாசித்தவனுக்கும் வாசிக்காமல் யன்னல் வழியே ரயிலைப் பார்த்தவனுக்கும் அதே புள்ளி. 1869 முதல் திணைக்களம் தேடிய சமத்துவம், வினாத்தாளைத் திருடியவன் புண்ணியத்தில் மூன்று கேள்வி அளவுக்குக் கிடைத்தது.