2041இல் குடியிருப்பவள்

மாடி வீட்டுப் புதுத் தம்பதியில் அவள் வசிப்பது 2041இல். அவனுக்கோ வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்பால் நாள்காட்டியே கிடையாது.

அவள் பிபிஎஃப் கணக்கு தொடங்கிவிட்டாள். முதிர்வுக்கு 15 ஆண்டு. அடுத்தது, இன்னும் பிறக்காத மகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். அது 21 ஆண்டு. அஞ்சலகத்தில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்களாம். அரசாங்கத்துக்குத் தொலைநோக்கே இல்லை என்று அவளுக்குக் குறை.

அவன் "இன்னிக்கு இருக்கிறதுதான் நிஜம்" கட்சி. ஐபோன் 24 மாதத் தவணை, புல்லட் 36. கணக்குப் பார்த்தால், இன்றைக்காக வாழ்கிறவன்தான் வரப்போகும் மூன்று வருடச் சம்பளத்தில் கை வைத்திருக்கிறான். நாளையையே நினைக்கிறவளிடம் பைசா கடனில்லை. இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள். கேஷ்பேக் வந்ததைக் காட்டுவான்.

நேற்று அவன் ஊட்டிக்குப் போகலாம் என்றதும் விவகாரம் வெடித்தது.

"ரிட்டயர் ஆனதும் நிம்மதியாப் போலாம்ப்பா."

"அப்போ முட்டி வலிக்கும்டி!"

"தெரியும். காத்திருப்புக் காலம் இப்பவே ஓடி முடியட்டும்னுதான் மெடிக்கல் பாலிசி போட்டிருக்கேன்."