ஜாவாவின் ஜெராக்ஸ் கடை

கேள்வி: ஜாவாவில் ஒரு மெத்தடுக்கு 10 என்ற எண்ணை அனுப்பி, உள்ளே அதை 50 ஆக்கினேன். வெளியே வந்து பார்த்தால் பழையபடி 10! அரேயை அனுப்பினால் மட்டும் உள்ளே செய்த மாற்றம் வெளியிலும் தெரிகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– முதலாண்டு மாணவி, ஈரோடு

பதில்: ஓரவஞ்சனையே கிடையாது. 1995-இல் ஜாவா வெளிவந்த நாள்முதல் ஒரே சட்டம்தான்: பாராமீட்டருக்குப் போவது எப்போதும் ஜெராக்ஸ். 'இன்ட்' என்றால் எண்ணின் ஜெராக்ஸ். அதில் 50 என்று கிறுக்கினால் ஒரிஜினலுக்கு என்ன வந்தது? அரே வேரியபிளில் இருப்பதோ அரே அல்ல, அது குடியிருக்கும் முகவரி. முகவரிச் சீட்டை எத்தனை ஜெராக்ஸ் எடுத்தாலும் வீடு ஒன்றுதானே! மெத்தட் நேரே அங்கே போய்ச் சுவருக்கு வர்ணம் அடித்துவிட்டு வந்துவிடுகிறது.

ஆனால், அதே பாராமீட்டரில் 'நியூ' போட்டுப் புது அரேயை வைத்துப் பாருங்கள். மாறியது ஜெராக்ஸில் உள்ள முகவரி மட்டும்தான்; வெளியே ஒரு சலனமும் இருக்காது. (இன்டர்வியூவில் பலர் கவிழ்வது இங்கேதான்.)

உங்கள் 50 கட்டாயம் வேண்டுமென்றால், மெத்தடை 'ரிட்டர்ன்' செய்யச் சொல்லி, எண் = மாற்று(எண்) என்று கைநீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறந்தால் கம்பைலர் ஒரு எர்ரர்கூடக் காட்டாது. அவ்வளவு நல்லவர்!