கையை வைச்சுப் பாருங்கோ

சருகண்ணை வளவுக்குப் போய் நகத்துக்குள் மண் இல்லாமல் திரும்பியவர் புளியங்குளத்தில் இல்லை.

என்ன அலுவலாய்ப் போனாலும் சரி, படலை திறந்ததும் நேரே கத்தரிக் கன்றடிதான். குந்தியிருந்து சருகை விலக்குவார். "கையை வைச்சுப் பாருங்கோ. குளிருதோ இல்லையோ?" குளிரும். சோளகம் அடிக்கிற காலத்தில் எங்கள் செம்மண்ணில் கொத்தினால் மண்வெட்டிதான் துள்ளும். அவர் வளவில் விரலே இறங்கும். அதுதான் பெரிய தொல்லை. பொய்யென்றால் ஒருநாள் சண்டை பிடித்து முடித்திருக்கலாம்.

கலியாணக் கார்டு கொடுக்கப் போனவர் வைத்தார். பதிவெடுக்கப் போன விதானையார் வைத்தார். முழுகிவிட்டு வந்த ஐயரும் வைத்துவிட்டு, திரும்ப முழுகப் போனார். லீசிங் காசு கேட்டு வந்த பெடியன் காசில்லாமல் வெண்டிக்காயோடு போனான். செத்தவீடு சொல்லப் போனவர்கூட, ஆர் செத்தது என்று சொல்ல முதல் கையை வைத்தார்.

வைத்த கையை எடுக்கவும் விடமாட்டார். "நாலு விரல் தடிப்பு. தண்டிலை முட்டக்கூடாது, அழுகிப்போடும். வைக்கலை மண்ணோடை கொத்திப் போடாதையுங்கோ, உக்குமட்டும் தழைச்சத்தை அதுவே இழுத்துப்போடும். மேலைதான் கிடக்கவேணும்." கறையானையும் தேளையும் பற்றிக் கேட்டால் மட்டும் காது கேளாது. யூடியூப் பார்க்கத் தொடங்கியபின் சருகு 'மூடாக்கு' ஆகிவிட்டது. இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வாரும் ஜப்பான்காரர் ஃபுகுவோகாவும் ஓமந்தையில் பெண்ணெடுத்த சகலன்மார் மாதிரித்தான் பேச்சு.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்த, கமக்காரர் தலையில் கை வைத்தார்கள். "தலையிலை வேண்டாம், இஞ்சை வையுங்கோ" என்றார் இவர். நவம்பரில் தடை போய்விட்டது. இவர் போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மீளக் குடியேறிய காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி. பற்றைக்குள் போகாதே, தெரியாததைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தோம். அதே மண்ணில், சருகுக்குக் கீழே கைவிடச் சொன்னால்? முதல்தரம் என் கை தானாய்ப் பின்னுக்கு வந்தது. அண்ணை கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. தன் கையை முதலில் வைத்தார்.

அதற்காக என் வேம்புச் சருகை விட்டுக்கொடுக்க ஏலாது. மனிசி விடிய எழும்பி முற்றம் கூட்டிக் குவித்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போவாள். வந்து பார்த்தால் குவியலும் இல்லை, பக்கத்தில் கிடந்த வெறும் யூரியாப் பையும் இல்லை. அவர் கத்தரி குளிர்ந்துகொண்டிருக்கிறது. என் வாழையடி வெடித்துக் கிடக்கிறது. எண்ணி வைத்திருக்கிறேன், இந்த மாதம் மட்டும் ஆறு பை.

சருகு போகட்டும் அண்ணை. பையையாவது திருப்பித் தாங்கோவன்.