ஸ்பெல்லிங் சார்

தெருவுக்கு ஒரு ஸ்பெல்லிங் சார் உண்டு. அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே உள்ளவர்கள் எழுதி நீட்டிய டிராஃப்டுகளைச் சிவப்பு மையில் குளிப்பாட்டியே பென்ஷன் வரை வந்தவர். ஃபைல்கள் போய்விட்டன, சிவப்புப் பேனா இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்கமாட்டார். கடைசியில் உறவினர் பெயர்களுக்கு மேலே 'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ்' என்று இருக்குமே, அங்கேதான் கண் போகும். "நடுவுல 'ஐ' போட்டா வாழ்த்து. 'ஈ' போட்டா குறையை நிரப்பறது. ஏன் சார், உங்க பொண்ணுக்கு என்ன குறை?" என்று பெண்ணைப் பெற்றவரிடமே கேட்பார். பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ் என்றால் 'பிரின்சிபா'லின் வாலைப் பிடித்துப் பார்ப்பார். முதல்வருக்குக் கொள்கை இல்லாமல் போனாலும் போகட்டும், கொள்கைக்கான ஸ்பெல்லிங்கை அவர் தலையில் கட்டக்கூடாது என்பது சாரின் கட்சி.

ஆனால் அவர் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் நோட்டு, பேனா விற்கும் கடை வாசலில் பார்க்கவேண்டும்.

"தம்பி, போர்டுல 'ஸ்டேஷனரி'ன்னு தப்பா எழுதியிருக்கு."

"ஸ்டேஷனரி கடைதானே சார்?"

"அந்த ஸ்டேஷனரி வேற, இந்த ஸ்டேஷனரி வேற. 'ஈ' வரணும், 'ஏ' போட்டிருக்கே. 'ஏ' போட்டா நகராம நிக்கறதுன்னு அர்த்தம்."

கடைக்காரர் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எங்கப்பா காலத்திலேருந்து கடை இதே இடத்துலதான் சார் இருக்கு. எங்க நகர்ந்துச்சு?"

சார் ஆடிப்போய்விட்டார். சொன்னவருக்கே தெரியாது, அவர் சொன்னது சரித்திரம். இடைக்கால ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களை ஒட்டி நிலையாகக் கடை போட்டு நூல் விற்றவர்களை லத்தீனில் 'ஸ்டேஷனாரியஸ்' என்றார்கள். மூட்டை தூக்கி ஊர் ஊராக அலையாதவர்கள் என்பதால் அந்தப் பெயர். லண்டனில் இந்த வணிகர்களின் சங்கம் 1403-இல் உருவாகி, 1557-இல் அரச சாசனமும் வாங்கிவிட்டது. நூலோடு தாளும் மையும் விற்றார்கள். பெயர் சரக்கின்மேல் ஒட்டிக்கொண்டது. ஆக, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'ஏ'யும் 'ஈ'யும் பிற்பாடு நடந்த பாகப்பிரிவினை. இரண்டு காம்ப்ளிமெண்டுகளும் அப்படித்தான், ஒரே லத்தீன் வேர். இதையெல்லாம் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், ஸ்பெல்லிங் தப்பு தப்புதான்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மறுவாரம் பெயிண்டர் வந்தார். சார் கூடவே நின்று, 'ஏ'யை அழித்து 'ஈ' போடவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அதே பலகையில், அந்த ஆங்கில எழுத்துக்கு நேர்மேலே, இரண்டு மடங்கு பெரிதாக, 'எழுதுப்பொருள் விற்பனையகம்' என்று தமிழில் இருக்கிறது. வினைத்தொகையில் ஒற்று மிகாது. அந்தப் 'ப்' இன்றுவரை சாரின் கண்ணில் படவில்லை.