மேலிடத்திலிருந்து சொட்டுகிறது

அனுப்புநர்: டோக்கனைக் கையிலும் துண்டைத் தலையிலும் வைத்திருக்கும் குடிமகன், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.

பெறுநர்: நிர்வாக அதிகாரி அவர்கள், பெயர் சொன்னால் என் மனு காணாமல் போகக்கூடிய ஓர் அலுவலகம், அதே ஊர்.

பொருள்: மூன்றாம் கவுன்டருக்கு மேலுள்ள கேசட் ஏசி வழியாகப் பொதுமக்களுக்கு நீர் வழங்கல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

தண்ணீர் லாரியின் சத்தத்துக்குக் காது கொடுத்தே பாதி வாழ்நாளைக் கழிக்கும் ஊர் இது. இங்கே விண்ணப்பிக்காமல், கையூட்டு கொடுக்காமல், தலையிலேயே தண்ணீர் ஊற்றும் ஒரே அலுவலகம் தங்களுடையது. முதலில் அதற்கு நன்றி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கீழே விசாரித்தேன். சிவில் பிரிவு, "ஏசி எலக்ட்ரிக்கல் சமாச்சாரம்" என்றது. எலக்ட்ரிக்கல் பிரிவு, "தண்ணி சிவில் சமாச்சாரம்" என்றது. பராமரிப்பு ஒப்பந்தக்காரரோ, "கூலிங் வருதுல்ல சார்? அப்புறம் என்ன?" என்று என்னையே கேட்டார். கடைசியில் கூரை ஒழுகுவதாக முடிவாகி, கொளுத்தும் வெயிலில், மழையே பார்க்காத மொட்டை மாடிக்குத் தார் பூசினார்கள். தார் காய்ந்தது. சொட்டு நிற்கவில்லை.

ஏசி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் தரை காய்ந்து கிடக்கிறது என்பதைத் தங்கள் காவலாளி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். அவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

நடப்பது இதுதான். அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, கீழேயுள்ள தட்டில் சேர்கிறது. கேசட் வகையில் வெளியேறும் குழாய் தட்டைவிட உயரத்தில் இருப்பதால், உள்ளேயே ஒரு சிறு பம்ப் அந்த நீரை மேலே தூக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு குழாய் சரிவாக ஓட வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். தங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அந்தக் குழாய் தாங்குகம்பி இல்லாமல் தொய்ந்து, பள்ளத்தில் பாசியும் தூசியும் சேர்த்து வைத்திருக்கிறது. ஃபில்டரைக் கழுவாததால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனிக்கட்டி படர்கிறது. மதிய உணவுக்கு ஏசியை நிறுத்தியதும் அது மொத்தமாக உருகித் தட்டை நிரப்புகிறது. கேஸ் குறைந்தாலும் இதே கதிதான்.

இதையெல்லாம் எதிர்பார்த்தே, தட்டில் நீர் ஏறினால் கூலிங்கை நிறுத்தச் சொல்லும் மிதவை சுவிட்ச் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி வேலையை நிறுத்தி அதிகாரிகளுக்கு வியர்க்கவைத்ததால், ஒயரை முறுக்கி அதன் வாயை அடைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஒழுங்காகப் புகார் கொடுத்த ஒரே ஆளுக்கு நேர்ந்த கதி அது.

ஐயா, குளிரூட்டுவதும் தண்ணீரை மேலே ஏற்றுவதும் இந்த ஊருக்குப் புதிய வித்தை அல்ல. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்துக்காகத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பினார்கள். ஊறிய நீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்றினார்கள். அந்த வேலையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு பக்கமிருந்து வந்த நம் தாத்தாக்கள். தண்ணீர் சிவிலா எலக்ட்ரிக்கலா என்று அவர்கள் கீழே நின்று விவாதித்திருந்தால், விவாதம் முடிவதற்குள் முழுகியிருப்பார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது. பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆகவே அடியேனின் வேண்டுகோள்கள்:

ஒன்று, ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்கள். டெண்டர் வேண்டாம், குழாயடி போதும்.

இரண்டு, தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெளியே குழாய் முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். வந்தால் பம்ப் உயிரோடிருக்கிறது. வராவிட்டால் பம்பையோ அடைப்பையோ பாருங்கள். கமிட்டி போட்டால் கண்டுபிடிக்க ஓராண்டு ஆகும். இது கால் மணி நேர வேலை.

மூன்று, குழாயைத் தூக்கிக் கட்டிச் சரிவு கொடுங்கள். வியர்க்கும் இடங்களில் காப்புறை சுற்றுங்கள்.

நான்கு, மிதவை சுவிட்சை மீண்டும் பணியமர்த்துங்கள். அது நிறுத்தினால் ஏன் நிறுத்தியது என்று பாருங்கள்.

ஐந்து, இவை முடியாது என்றால், கவுன்டருக்குக் கீழேயுள்ள நீல வாளிக்குச் சம்பளக் கணக்கு தொடங்குங்கள். இந்த விவகாரத்தில் பொறுப்பேற்றிருப்பது அது ஒன்றுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரே ஒரு கேள்வியும் கேட்கிறேன்: தட்டை விட்டுக் கிளம்பி என் தலையைத் தொடும் வரை, அந்தச் சொட்டு எந்தப் பிரிவின் பொறுப்பு? முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். கட்டணம் பத்து ரூபாய்க்கான அஞ்சல் ஆணையை இணைத்துள்ளேன். தாங்கள் தபால் வாங்கும் இடமும் அதே மூன்றாம் கவுன்டர்தான் என்பதால், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நனைந்த மனுதாரர்